தண்ணீரை இழுக்காத மோட்டார்

பெருமழை விட்ட மறுநாள் காலையில் மோட்டார் கடைக் கூட்டம் ரேஷன் கடையை மிஞ்சும். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்துக் கடை என்றால் கேட்கவே வேண்டாம். குடியிருப்புச் சங்கச் செயலாளர், மளிகைக் கிடங்கு வைத்திருப்பவர், கல்யாண மண்டப மேனேஜர் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “ஒரு ஹெச்பி போதுமா, ரெண்டு வேணுமா?”

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார். “எவ்வளவு உயரம் ஏத்தணும் சார்? ஓஸ் எவ்வளவு தூரம் போகணும்? தண்ணியில என்ன கிடக்கு?” என்று திருப்பிக் கேட்பார். பாதிப் பேர் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போடுவார்கள். சிலர் எரிச்சலோடு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்விக்கே ஏறக்குறைய நானூறு வருட வரலாறு உண்டு.

“மோட்டார் தண்ணியை இழுக்குது” என்றுதான் நாம் பேசுகிறோம். உண்மையில் எந்த மோட்டாரும் தண்ணீரை இழுப்பதில்லை. தண்ணீரைக் கயிறு மாதிரி பிடித்து இழுக்க முடியாது. இளநீரில் குழாய் போட்டுக் குடிக்கும்போது நாம் செய்வதெல்லாம் குழாய்க்குள் இருக்கும் காற்றைக் குறைப்பதுதான். இளநீரை மேலே ஏற்றுவது வெளியில் இருக்கும் காற்று. நம் தலைக்கு மேலே நிற்கும் காற்று மண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ எடையோடு அமுக்குகிறது. குழாய்க்குள் அந்த அமுக்கம் குறைந்தால், வெளியே இருக்கும் அமுக்கம் நீரை உள்ளே தள்ளிவிடுகிறது.

ஒரு கிலோ என்பது கணக்குள்ள எடை. அது தாங்கக்கூடிய நீர்த் தூணின் உயரம் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. அதற்கு மேல் காற்றுக்குத் தெம்பில்லை. உறிஞ்சு பம்புகள் ஓர் உயரத்துக்கு மேல் தோற்றுப்போவதை 1638ல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ எழுதினார். காரணத்தை மட்டும் அவரால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய சீடர் டோரிசெல்லி நீருக்குப் பதில் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். பாதரசம் நீரைப்போல 13.6 மடங்கு கனம். அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், அதே 10.3 மீட்டர் வரும்.

நடைமுறையில் அதுவும் கிடைக்காது. அமுக்கம் மிகக் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துக் குமிழி விடத் தொடங்கும். அந்தக் குமிழிகள் இம்பெல்லரின் மேல் வெடித்துச் சுருங்கும்போது கூழாங்கல்லைக் கொட்டியது போலச் சத்தம் கேட்கும். இரும்பில் அம்மைத் தழும்பு விழும். எனவே மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டாருக்கு 7, 8 மீட்டர் ஆழமே எல்லை. கொங்கு நாட்டுப் பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரை வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் கூடவே இறங்கியது. அந்த விவசாயி டோரிசெல்லியைப் படித்திருக்கத் தேவையில்லை, கிணறே சொல்லிக்கொடுத்துவிட்டது.

2023 டிசம்பர் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பணிக்காகத் தோண்டிய சுமார் 50 அடிக் குழியில் மண் சரிந்து தண்ணீர் நிரம்பியது, தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். அந்த நீரை வெளியேற்றப் பல நாட்கள் ஆயின. கரையில் நிற்கும் உறிஞ்சு பம்பு எத்தனை ஹெச்பியாக இருந்தாலும் அத்தனை ஆழத்தின் அடிவரைக்கும் போக முடியாது. காற்று ஒத்துழைக்காது.

வழி ஒன்றுதான்: பம்பையே தண்ணீருக்குள் இறக்குவது. அப்போது உறிஞ்சும் வேலையே கிடையாது. தண்ணீர் தன் எடையால் தானாகவே இம்பெல்லருக்குள் வந்து விழுகிறது. பம்பு அதை மேலே தள்ளினால் போதும். தள்ளுவதற்கு 34 அடி என்ற வரம்பு இல்லை. மின் மோட்டாரை ஆழத்துக்கு அனுப்பும் இந்தத் துணிச்சலை எண்ணெய்க் கிணறுகளில் நடத்திக்காட்டியவர், திபிலீசியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அருதுநோஃப் என்ற பொறியாளர். அது 1920களில். சுரங்கங்களிலும் கட்டுமானக் குழிகளிலும் தேங்கும் நீரை இறைக்க, கையால் தூக்கிப் போகக்கூடிய சப்மெர்சிபிள் பம்பை ஸ்வீடனில் சிக்ஸ்டன் எங்லெசன் 1947ல் உருவாக்கினார். இன்று நாம் வாடகைக்கு எடுக்கும் ‘டீவாட்டரிங்’ பம்பு அந்த வம்சம்.

மின்சாரமும் தண்ணீரும் சேரக்கூடாது என்று குழந்தைக்குக்கூடச் சொல்லிவைக்கிறோம். இது மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? இரண்டு வித்தைகள் உண்டு. ஒன்று, கதவை இறுகச் சாத்துவது. மோட்டாரை மூடிய கூட்டில் வைத்து, சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் கண்ணாடி போல் இழைத்த இரண்டு வளையங்களை ஒன்றோடு ஒன்று உரச விடுவார்கள். ஒன்று நிற்கும், மற்றொன்று சுற்றும். இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய திரவப் படலம்தான் காவல். அதன் பின்னால் ஓர் எண்ணெய் அறை. இதுதான் ‘சீல்’. பம்பு ரிப்பேருக்கு வந்தால் மெக்கானிக் முதலில் இந்த எண்ணெயைத்தான் பார்ப்பார். அது மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது வித்தை எனக்கு இன்னும் பிடிக்கும்: கதவைத் திறந்தே வைத்துவிடுவது. நம் ஊர் போர்வெல், ஓபன்வெல் மோட்டார்கள் பலவற்றில் உள்ளுக்குள் நாமே தண்ணீரை ஊற்றி நிரப்பித்தான் இறக்குகிறோம். காயில் கம்பி முழுக்க பிளாஸ்டிக் உறை போட்டது. அது தண்ணீரில் ஊறியபடியே வேலை செய்கிறது. பேரிங்குக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான். கோவைப் பட்டறைகளில் இந்தக் காயிலைக் கட்டுகிறவர்கள் ஒரு கீறல் விழாமல் கம்பியைத் துளைக்குள் செலுத்துவதைப் பார்க்க வேண்டும். பூக்கட்டும் விரல்கள் அவர்களுக்கு.

மோட்டாருக்கு உண்மையான எதிரி தண்ணீர் இல்லை, சூடு. காற்றைவிட தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நீருக்குள் கிடக்கும்வரை மோட்டார் குளிர்ந்த உடம்போடு ஓடும். எந்தத் தண்ணீரை ஒழித்துக்கட்ட அதை இறக்குகிறோமோ, அந்தத் தண்ணீர்தான் அதைக் காப்பாற்றுகிறது. இதற்கு மறுபடியும் வருவேன்.

இப்போது ஹெச்பி. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங் தளம்; இடுப்பளவு, 1 மீட்டர் தண்ணீர். மொத்தம் 3 லட்சம் லிட்டர், எடை 300 டன். 12,000 லிட்டர் லாரி என்றால் 25 லாரி. இதைத் தெருமட்டத்துக்கு ஏற்ற 4 மீட்டர், ஓஸுக்குள் உராய்ந்து வீணாவதற்கு ஈடாக 2 மீட்டர், ஆக 6 மீட்டர் என்று வைப்போம். இந்த மொத்தத்தைத்தான் கடையில் ‘ஹெட்’ என்பார்கள். 300 டன்னை 6 மீட்டர் தூக்க இயற்கை கேட்கும் கூலி வெறும் 5 யூனிட் மின்சாரம். நம்பக் கஷ்டமாக இருக்கும், கணக்கு அதுதான். மோட்டாரிலும் பம்பிலும் சிந்திச் சிதறுவதைச் சேர்த்தால் 18, 20 யூனிட் ஆகும்.

ஒரு ஹெச்பி டீவாட்டரிங் பம்பு இந்த 6 மீட்டரில் நிமிடத்துக்கு 300 லிட்டர் தந்தால், வேலை 1,000 நிமிடத்தில் முடியும். பதினேழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே ஒரு ஹெச்பி போர்வெல் மோட்டார், நிமிடத்துக்கு 30 லிட்டரை 60 மீட்டர் உயரத்துக்கு அனுப்பும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. போர்வெல் மோட்டாருக்குள் இட்லித் தட்டு மாதிரி இம்பெல்லர்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றி அடுத்ததிடம் கொடுக்கும். டீவாட்டரிங் பம்பில் அகலமான ஒரே இம்பெல்லர். சும்மா கிடக்கிறதே என்று போர்வெல் மோட்டாரைப் பார்க்கிங்கில் போட்டால் உயரம் வீணாகும், தண்ணீர் மிச்சமாகும். போதாக்குறைக்கு அந்த இட்லித் தட்டுகளில் சேறு குடியேறிவிடும்.

பெயர்ப்பலகையில் ‘அதிகபட்ச ஹெட் 12 மீட்டர், அதிகபட்ச அளவு 450 லிட்டர்’ என்பதுபோல எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. 12 மீட்டர் உயரத்தில் அந்தப் பம்பு ஒரு சொட்டும் தராது. தண்ணீர் ஓஸுக்குள் ஏறி நின்றபடி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது கிடைப்பது. நமக்கு வேண்டியது இடையில் இருக்கிறது. நல்ல கம்பெனிகள் அதை ஒரு வளைகோடாகப் போட்டுத் தருவார்கள். கேட்டு வாங்குங்கள், பலரும் அதைச் சமோசா மடிக்கத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஓஸ் விஷயத்தில் நாம் செய்யும் கஞ்சத்தனம் தனிக்கதை. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பம்பு வாங்கிவிட்டு, வீட்டில் தோட்டத்துக்கு வைத்திருக்கும் ஓஸை மாட்டுவோம். குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூடுவதில்லை, 32 மடங்கு. மேலே சொன்ன 2 மீட்டர் இழப்பு, 2 அங்குல ஓஸில் 15 மீட்டர் தூரத்துக்கானது. அதை 1 அங்குலமாக மாற்றினால் 300 லிட்டருக்கு 64 மீட்டர் இழப்பு, ஏறக்குறைய இருபது மாடி உயரம். பம்பால் முடியாது; தண்ணீர் மூக்கொழுகுவது போல வரும், பழி மோட்டாருக்கு. மாறாக 3 அங்குல ஓஸ் போட்டால் இழப்பு 2 மீட்டரிலிருந்து கால் மீட்டராகிவிடும். பெரிய மோட்டார் வாங்கும் பணத்தில் பெரிய ஓஸ் வாங்குவது பல நேரங்களில் புத்திசாலித்தனம். ஓஸ் மடங்காமல், முறுக்கிக்கொள்ளாமல் போகவேண்டும். வாசலிலேயே வாயை விட்டால் இறைத்த தண்ணீர் ரேம்ப் வழியாக ஓடித் திரும்ப உள்ளே வந்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்த குடியிருப்பை நான் அறிவேன்.

தண்ணீரில் என்ன கிடக்கிறது என்பது கடைசிக் கேள்வி. வெறும் மழைத் தண்ணீர் என்றால் சாதாரண டீவாட்டரிங் பம்பு போதும். அதன் அடியில் சல்லடை இருக்கும். சாக்கடை கலந்திருந்தால் கேரி பேக், துணி, தேங்காய் நார் எல்லாம் வரும். சல்லடை ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்கென்றே சீவேஜ் பம்பு இருக்கிறது. ஒரு வகையில் இம்பெல்லர் ஒதுங்கி உள்ளே இருந்துகொண்டு சுழலை மட்டும் உண்டாக்கும். குப்பை அதன் மேல் படாமல் சுழலோடு சுழன்று வெளியேறும். தயிர் கடையும்போது மத்து ஓரிடத்தில் சுற்ற, பானை முழுக்கத் தயிர் சுழல்கிறதே, அதுபோல. திறன் கொஞ்சம் குறைவுதான், அதற்காக வருத்தப்பட வேண்டாம். அடைத்து நிற்கும் நல்ல பம்பைவிட ஓடிக்கொண்டிருக்கும் சுமாரான பம்பு மேல்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் நிற்கும் தளத்தின் மெயினை முதலில் அணைத்துவிட வேண்டும். பம்பை உலர்ந்த மேல்மட்டத்திலிருந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்சிசிபி வழியாக ஓட்ட வேண்டும். பம்பு ஓடும்போது தண்ணீரில் ஒருவரும் இறங்கக்கூடாது. கேபிளைப் பிடித்துப் பம்பைத் தூக்கக்கூடாது, அதற்குத் தனிக் கயிறு உண்டு. கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் வைப்பதானால், மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது குடிப்பதைப்போல ஐந்தாறு மடங்கு ஆம்பியர் குடிக்கும் என்பதை நினைவில் வைத்துப் பெரிதாக எடுக்க வேண்டும். வைக்கும் இடம் திறந்த வெளி. பெட்ரோல் இன்ஜினைப் பேஸ்மென்ட்டுக்குள் ஓடவிட்டால் அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும்.

ஐந்து பம்பு போட்டு ஒரே ராத்திரியில் முடித்துவிடலாமே என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். மழைக்குப் பிறகு சுவருக்கு வெளியே மண்ணும் தண்ணீரில் ஊறி நிற்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்முட்டு. வெளியே நீர்மட்டம் உள்தரையைவிட 2 மீட்டர் மேலே இருந்தால், நம் 300 சதுர மீட்டர் தளத்தைக் கீழிருந்து 600 டன் விசை தூக்கும். மேலே நான்கு மாடி கனம் இருப்பதால் கட்டடம் மிதக்காது. தூண்களுக்கு நடுவே தரை வீங்கி வெடிக்கலாம், சுவர் உள்ளே சாயலாம். மழைக்காலத்தில் காலி செய்த செப்டிக் டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும்புவதும் இதனால்தான். முதல் நாள் ஓர் அடி மட்டும் இறைத்து, சுவரில் கோடு போட்டு, ஒரு ராத்திரி காத்திருக்கச் சொல்கிறது அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபீமா. காலையில் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், நாம் இறைப்பது நம் தண்ணீரை அல்ல, பேட்டை முழுவதன் நிலத்தடி நீரை.

இதன் பிரம்மாண்ட வடிவம் நெய்வேலியில் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் அடைபட்டு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கி முட்டுகிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிக்கொண்டே போனால் அந்த முட்டுக்கு எதிர்முட்டு குறையும். ஒரு கட்டத்தில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகவே 1957ல் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வழியே அந்த நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே நிலக்கரி எடுக்கிறார்கள். பேஸ்மென்ட்டில் நாம் பயப்படும் அதே முட்டு, அங்கே அன்றாட வேலை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நம் பார்க்கிங்கில் தரை தெரியத் தொடங்கும். அங்கேதான் கவனம் வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரின் உடம்பு வெளியே தெரியும். சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. சீலின் மெல்லிய படலமும் காய்ந்துபோகும். பம்பு கொரகொரவென்று காற்றைக் குடித்துக்கொண்டு கத்தும். மிதவை சுவிட்ச் இருந்தால் பந்து தாழ்ந்து தானே அணைத்துவிடும். இல்லையென்றால், வாட்ச்மேன் டீ குடிக்கப் போன அரைமணி நேரத்தில் காயில் கருகிவிடும். அணைத்துவிட்டு, பம்பைக் கயிற்றால் தூக்கி நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டிச் சேறு போகக் கழுவி வைக்கலாம். மீதி இருக்கும் ஓர் அங்குலத் தண்ணீருக்கு விளக்குமாறும் முறமும் பழைய சாக்கும்.