உளச்சோர்வு நீக்கி விலகல் கூட்டறிகுறி

உளச்சோர்வு நீக்கி விலகல் கூட்டறிகுறி என்பது உளச்சோர்வுக்கான மருந்துகளைத் திடீரென நிறுத்தும்போதோ விரைந்து குறைக்கும்போதோ சிலருக்குத் தோன்றும் தொல்லைகளைக் குறிக்கும். தலைச்சுற்றல், குமட்டல், தூக்கமின்மை, பதற்றம், தலைக்குள் மின்னதிர்ச்சி பாய்வது போன்ற உணர்வு ஆகியன இவற்றுள் சில. தொடக்ககால மருந்தான இமிப்பிரமினிலேயே 1959 அளவில் இது பதிவாயிற்று. உடலில் குறுகிய காலமே தங்கும் பராக்சிட்டின், வென்லாஃபேக்சின் ஆகியவற்றில் இது மிகுதி. நெடுநாள் தங்கும் ஃபுளுவாக்சிட்டினில் குறைவு.

இதனை நோய் மீள்வதாகத் தவறாகக் கருதுவதே பெரும் சிக்கல். விலகல் அறிகுறிகள் பொதுவாகச் சில நாட்களில் தொடங்கி, பழைய அளவை மீண்டும் உட்கொண்டால் விரைவில் தணியும். நோய் மீள்வது பெரும்பாலும் வாரங்கள் கடந்தே தெரியவரும். மருந்தின் மீது வேட்கை ஏற்படாததால் இது போதைப் பழக்கமும் அன்று.

குறைக்கும் முறை

சிட்டலோபிராம் 20 மி.கி. மூளையின் செரோட்டோனின் கடத்திகளில் சுமார் 80 விழுக்காட்டைத் தடுக்கிறது; 60 மி.கி. உட்கொண்டாலும் அது 90ஐ எட்டுவதில்லை. ஆகவே மேலிருந்து இறங்குவது எளிது, கடைசிச் சில மில்லிகிராம்களே கடினம். அங்கே படிகள் மிகச் சிறியனவாக இருக்க வேண்டும் என மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகியோர் 2019இல் வாதிட்டனர். குறுகிய காலமே தங்கும் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது தொல்லையைக் கூட்டும். தொல்லை மிகுந்தால் மருத்துவர் அடுத்த படியைத் தள்ளிவைப்பார், அல்லது முந்தைய அளவுக்குத் திரும்பச் செய்வார்.

தமிழ்நாட்டில்

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. தாமல் போன்ற ஊரிலிருந்து காஞ்சிபுரம் சென்று மருந்து பெறும் ஒருவர் ஒரு தவணை தவறி, மாத்திரை தீர்ந்துவிட்டால், அதுவும் திடீர் நிறுத்தமே. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் (14416) தொலைபேசிச் சேவையில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.