மாவுப்பூச்சி வேஷத்தில் ஒரு வண்டு!

செம்பருத்திச் செடியின் நுனியில் வெள்ளை வெள்ளையாக மாவு அப்பிக் கிடக்கிறது. உடனே சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் கலந்து தெளிக்கக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்! அந்தக் கூட்டத்துக்குள் சம்பளம் வாங்காத காவலாளி ஒருவரும் இருக்கலாம்.

பொறிவண்டு என்றதும் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். கிரிப்டோலேமஸ் என்கிற இந்தப் பொறிவண்டுக்குப் புள்ளியே கிடையாது. நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். எள்ளைவிடச் சற்றுப் பெரிசு, அவ்வளவுதான். முதுகு கறுப்பு. தலையும் பின்முனையும் ஆரஞ்சு கலந்த பழுப்பு. முன்னங்கால்கள் பழுப்பாக இருந்தால் ஆண், கறுத்திருந்தால் பெண். லென்ஸ் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

குழப்பமெல்லாம் புழுப் பருவத்தில்தான். உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்குமல்லவா? அந்த எறும்புகளிடமிருந்து புழுவைக் காப்பது இந்த மெழுகுப் போர்வைதான். ஆனால், அதே வேஷத்தில் நாமும் ஏமாந்து, சேர்த்துக் கொன்றுவிடுகிறோம். நானே எத்தனையோ முறை குழாயடியில் கழுவி விட்டிருக்கிறேன்.

அடையாளம் இதுதான்: வளர்ந்த புழு 13 மில்லிமீட்டர் வரை நீளும், மாவுப்பூச்சி அதில் பாதிகூட இருக்காது. புழுவின் இழைகள் நீளமாக, கலைந்த பஞ்சுபோல் தொங்கும். தொட்டால் விறுவிறுவென்று நகரும். மாவுப்பூச்சியோ கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

இதன் தாய்வீடு ஆஸ்திரேலியா. காபிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க, 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை சரிப்படவில்லை. மாவுப்பூச்சி வேட்டையில் பேர் வாங்கிவிட்டது! இன்று ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் பூசணிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதையே தீனியாக்கி இந்த வண்டைப் பெருக்குகிறார்கள். திராட்சை, கொய்யாத் தோட்டங்களில் விடுகிறார்கள்.

பெண் வண்டு மாவுப்பூச்சியின் முட்டைப் பைகளிலேயே தன் முட்டைகளை இடும். பொரிந்த புழு கண் திறந்ததும் சாப்பாடுதான். முட்டை முதல் வண்டு வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை மருந்து தெளிக்காமல், செடியில் ஏறும் எறும்புகளை மட்டும் தடுத்து வையுங்கள்.