கயிறு கட்டினால் குடி நின்றுவிடுமா?

போலகத்திலிருந்து திருநள்ளாறும் நாகூரும் வேளாங்கண்ணியும் தொலைவில் இல்லை. குடியை விட எண்ணுவோர் தத்தம் சமயத்திற்கேற்ப ஒரு சந்நிதியில் சத்தியம் செய்து, கயிறு கட்டியோ மாலை அணிந்தோ தொடங்குவது நம் பகுதியின் வழக்கம். அந்த உறுதியை நாங்கள் மதிக்கிறோம். ஆனால், அதுவே போதுமான சிகிச்சை என்று நம்புவதால் நேரும் தீங்கை எடுத்துரைப்பது எங்கள் கடமை.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவால் உண்டாகும் மந்தத்தை ஈடுகட்டத் தன் இயக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அந்த மிகை இயக்கம் மட்டும் எஞ்சுகிறது. முதல் நாளில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். 48 மணி நேரத்திற்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இடமும் காலமும் அறியாது பிதற்றுவர். இல்லாத பூச்சிகளையும் உருவங்களையும் காண்பர். சிகிச்சை பெறாவிடில் இந்நிலை உயிரையே பறிக்கக்கூடும். இதனைத் தெய்வக் குற்றம் என்றோ பேய் பிடித்தது என்றோ கருதி, மந்திரித்துவிட்டுத் தாமதமாக எங்களிடம் வரும் குடும்பங்கள் உண்டு.

மற்றொரு தீங்கு வெட்கம். ஒரு மண்டலம் குடிக்காதிருந்தவர் மாலையைக் கழற்றியபின் மீண்டும் குடித்தால், சத்தியத்தை மீறிய பாவி என்று தம்மையே பழித்து, மறைந்து குடிக்கிறார். எங்கள் கண்ணில் அது பாவமன்று. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறுவதைப் போன்று, சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டியதன் அறிகுறி.

1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கமும் இறைத்துணையை நாடுவதே. ஆயினும் அதன் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றே குடியை நிறுத்தினார். அத்தகைய குழுக்களில் முறையாக இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காதிருக்க உதவுகிறது என்று 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அங்கே துணைநிற்பது தனியொருவரின் சத்தியம் மட்டுமன்று. இடைவிடாது கூடும் தோழமையும் ஆகும்.

குடும்பத்தார் செய்யவேண்டியவை:

• சத்தியம் செய்யும் நாளுக்கு முன்னரே மருத்துவரைக் காணுங்கள். குடிக்கும் அளவை ஒளிக்காமல் கூறுங்கள். முதல் சில நாள்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும், தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் தரப்படும்.

• பின்னர், குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் மனநல ஆலோசனையும் உண்டு.

• பெயரறியாத பொடியைச் சோற்றிலோ குழம்பிலோ இரகசியமாகக் கலக்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்து நேரலாம்.

• வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ஆலோசனைக்கு 14446 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.

கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்குமாறு நாங்கள் யாரையும் கேட்பதில்லை. அக்கயிற்றுடனேயே எங்களிடம் வாருங்கள் என்றே வேண்டுகிறோம்.