இரண்டு வட்டத்தில் அடங்கும் சதவீதக் கணக்கு

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களில் தமிழில் படித்த நம் இளைஞர்கள் ரயில்வே உத்தியோகத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிரமம் இல்லை. ஆனால் சதவீதக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள்.

உதாரணமாக ஒரு கேள்வி: ஓர் ஊரில் 80 சதவீதம் பேருக்குத் தமிழ் தெரியும், 55 சதவீதம் பேருக்கு மலையாளம் தெரியும், 5 சதவீதம் பேருக்கு இரண்டுமே தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் 120 பேர். ஊரில் மொத்தம் எத்தனை பேர்?

80ஐயும் 55ஐயும் கூட்டினால் 135. நூற்றுக்கு மேல் போனது எப்படி? இரு மொழியும் தெரிந்தவர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம்!

ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் போடுங்கள். ஆங்கிலேய தர்க்கவியல் அறிஞர் ஜான் வென் 1880ல் விளக்கிய முறை இது. இரண்டும் தெரியாத 5 வட்டங்களுக்கு வெளியே; ஆகவே உள்ளே 95. 135ல் 95 போக 40. அதுதான் நடுப்பகுதி. தமிழ் மட்டும் 40, மலையாளம் மட்டும் 15. நான்கையும் கூட்டிப் பாருங்கள்: சரியாக 100.

40 சதவீதம் 120 பேர் என்றால் 1 சதவீதம் 3 பேர், மொத்தம் 300.

இத்தேர்வுகளில் தவறான விடை ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கிறார்கள். குத்துமதிப்பாகக் குறிப்பதைவிட, அரை நிமிஷம் செலவிட்டு வட்டம் போடுவதே லாபம்.