உஷார்! "லேட்டாத்தான் பேசுவான்" என்று காத்திருக்கிறீர்களா?

குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லையா? தயவுசெய்து காத்திருக்காதீர்கள். முதலில் காதைப் பாருங்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. இரண்டு வயதுப் பையன். துறுதுறுவென்று ஓடுவான், சிரிப்பான். பேச்சு மட்டும் இல்லை. "அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்றார் பாட்டி. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினார்கள். குலசாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். காதில் ஏதாவது கோளாறோ என்று அம்மாவுக்கு மட்டும் ஒரு பயம். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார். பையன் திரும்பினான். "பாத்தியா, நல்லாத்தான் கேக்குது!" அதோடு விட்டுவிட்டார்கள். மூன்று வயதுக்கு மேல் பெரா (BERA) என்ற காது பரிசோதனை எடுத்தபோதுதான் தெரிந்தது: இரண்டு காதும் கேட்கவில்லை. தட்டு விழுந்த அதிர்வு தரை வழியாகக் காலில் தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் திரும்பியிருக்கிறான்.

தட்டுச் சத்தம் டெஸ்ட் ஆகாது!

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன்? மூளை காத்திருக்காது. காது வழியாகச் சத்தம் போகாவிட்டால், கேட்பதற்கான பகுதியைப் பார்வையும் தொடு உணர்வும் எடுத்துக்கொள்ளும். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் காக்ளியர் கருவி வைத்தால் மூளை நன்றாகப் பழகிக்கொள்கிறது. 7 வயது தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். போன மாதங்களை எந்த டாக்டரும் திருப்பித் தர முடியாது.

கவனியுங்கள்! 6 மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்பவில்லையா? 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பதில்லையா, விரல் நீட்டிக் காட்டுவதில்லையா? 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேரவில்லையா? டாக்டரிடம் போங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டதா? எந்த வயதானாலும் உடனே போங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், பிறந்ததும் குழந்தையை ஐசியூவில் வைத்திருந்தவர்கள், குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தவர்கள், உங்களுக்கு இரட்டை எச்சரிக்கை. இந்த அறிகுறிகள் தெரியும்வரைகூடப் பொறுக்காதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். வலிக்காது.

காது நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் பேச்சு வரவில்லை என்றால் விடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். சோறு ஊட்டக் கையில் கொடுக்கும் செல்போனை அன்றே நிறுத்துங்கள். போன் பேசும், ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. 6 வயது வரை நேரம் இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்! கருவி வைத்த பிறகும் பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.