எங்கள் பங்கு இளையோர் மன்றமும் மணப்பாட்டுச் சிற்றுலாவும்

கோயிலுக்குப் போனோமா, பூசை கண்டோமா, வீடு திரும்பினோமா என்றிருந்தவள் நான். இன்றோ ஞாயிறு மாலை 4 மணி ஆகிவிட்டால் கால்கள் தாமாகவே பங்கு மண்டபத்தை நோக்கி நடக்கின்றன. "அப்படி என்னதான் நடக்கிறது அங்கே?" என்று கேட்கும் என் வகுப்புத் தோழியருக்காகவே இக்கட்டுரை.

எங்கள் இளையோர் மன்றத்தில் 24 பேர் இருக்கிறோம். சிறு செபம், அரைமணி நேரக் கலந்துரையாடல், பிறகு இருட்டும்வரை விளையாட்டு. கிறிஸ்துமஸ் வந்தால் குடில் கட்டுவதும், வீடு வீடாகச் சென்று கீதம் பாடுவதும் எங்கள் பொறுப்பு. (கடைசி வீட்டில் கிடைக்கும் சுக்குக் காப்பிக்காகவே வருகிறவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்!)

"கோயில் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றல் எதற்கு?" என்று என் பாட்டி கேட்டார்கள். இத்தாலியில் 1815ஆம் ஆண்டு பிறந்த புனித ஜான் போஸ்கோவைப் பற்றிச் சொன்னேன். சிறுவனாயிருந்தபோதே கயிற்றின்மேல் நடந்தும் வித்தை காட்டியும் கூட்டம் சேர்த்து, அக்கூட்டத்தைச் செபிக்க வைத்தவர் அவர். குருவான பின், தூரின் நகரத்துச் சிறுவர்களை இலையுதிர் காலத்தில் கிராமம் கிராமமாகக் கால்நடையாய் அழைத்துச் செல்வார். 1855இல் சிறார் சிறையிலிருந்தவர்களைக் காவலர் இல்லாமல் ஒரு நாள் வெளியே கூட்டிப்போனார் என்றும், மாலையில் ஒருவன்கூடக் குறையாமல் திரும்பினார்கள் என்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பாட்டி சற்று யோசித்து, "சரி, போ. கடலில் மட்டும் இறங்காதே" என்றார்கள்.

சென்ற ஆண்டு மணப்பாட்டுக்குச் செல்வதென்று முடிவாயிற்று. வேன் வாடகை, கட்டுச்சாதம் எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய், ஆளுக்கு 400. பொருளாளர் அடியேன். பணம் கொடுத்தவர் பெயரையும் கொடாதவர் பெயரையும் கூட்டத்தில் உரக்க வாசித்தேன். கணக்கென்றால் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன். மறு ஞாயிறு என் தெருத் தோழி ஒருத்தி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு மாதமாக வேலையில்லை என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

பெல்ஜியம் நாட்டுக் குருவான கார்டைன், 1925இல் இளம் தொழிலாளருக்கென இயக்கம் தொடங்கியவர். 'பார், சீர்தூக்கு, செயல்படு' என்ற மூன்று படிகளைக் கற்பித்தவர் அவரே. 1961இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பரும் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். எங்கள் கலந்துரையாடலும் இவ்வழியில்தான் நடக்கும். அதுவரை நாளிதழ்ச் செய்திகளை அலசிக்கொண்டிருந்த நாங்கள், அன்று என் கணக்கு நோட்டை அலசினோம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

முடிவில் நோட்டை மூடிவிட்டோம். வாயடைத்த தகர உண்டியல் ஒன்று சுற்றி வந்தது. இயன்றவர் இயன்றதைப் போடலாம். கையை வெறுமனே விட்டு எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. திறந்தபோது 8,350 ரூபாய். ஆச்சரியம் என்னவென்றால், சிலர் 400க்கு மேலும் போட்டிருக்க வேண்டும்! மீதிக்கு இரண்டு சனிக்கிழமை வீடு வீடாகப் பழைய செய்தித்தாள் சேர்த்தோம். 90 கிலோ, கிலோ 15 ரூபாய் வீதம் 1,350 கிடைத்தது. நானே தோழியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் புறப்படும் நாளன்று விடியற்காலையில் எனக்கு முன்னே வந்து நின்றாள்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். ஆண்டுதோறும் செப்டம்பர் 14 அங்கே பெருவிழா. 1542இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. அலை தொடும் தூரத்தில் இருந்தும் அதிலுள்ள கிணற்றுநீர் உப்புக் கரிப்பதில்லை. சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தாராம். எங்களைக் கூட்ட அருட்சகோதரிக்கும் ஒரு மணி தேவைப்பட்டது! இருவர் இருவராகச் சோடி சேர்த்து, மணிக்கொருமுறை எண்ணினார்கள். முழங்காலளவுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாதென்பது சட்டம். மணலில் கபடி ஆடினோம். புளிச்சோற்றை ஒரே துணியில் கொட்டி எல்லாரும் அள்ளித் தின்றோம்.

என் சோடி அந்தத் தோழிதான். குகைக் கிணற்று நீரைக் கையில் ஏந்திக் கொடுத்து, "கணக்கில் எழுதிக்கொள்" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உண்டியலில் எஞ்சிய 100 ரூபாய்க்குத் திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி மிட்டாய் வாங்கினோம். ஆளுக்கு ஒரு துண்டுகூடத் தேறவில்லை.