ஆயில் எங்கே போச்சு?

‘தி ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ (2001) படத்தில் வின் டீசல் உறுமவிட்ட அந்தக் கறுப்பு கார் ஞாபகம் இருக்கிறதா பாஸ்? 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர். அந்த ஜாதிக்குப் பெயர்தான் ‘மசில் கார்’. நடுத்தர சைஸ் உடம்பு, உள்ளே ராட்சஸ வி-8 இன்ஜின். 1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. மூட்டிவிட்ட இந்த ஜுரம், புகைக் கட்டுப்பாடு, எகிறிய இன்ஷூரன்ஸ், 1973 பெட்ரோல் நெருக்கடி என்று அடுத்தடுத்து அடி விழுந்து அடங்கியது. ஆனால் அமெரிக்காவில் அந்தக் கார்களை இன்னமும் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்.

ஐம்பது வயசு தாண்டிய இந்த இன்ஜின்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. ஆயில் ஊற்றுவீர்கள்; கொஞ்ச நாளில் காணோம்!

உடனே நாலு பேர் வருவார்கள். “இன்ஜின் அவுட்டு. இறக்கிப் பிரிச்சுடு!” என்பார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

அழிந்தால் வராத நம்பர்

ஏன் என்று கேளுங்கள். செவர்லே கேமரோவில் 1967-ல் அறிமுகமான 350 கன அங்குல வி-8 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். லிட்டரில் சொன்னால் 5.7. அதன் பிளாக்கில், வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு குட்டித் திட்டு இருக்கும். எந்த ஆலையில், எந்தத் தேதியில், எந்த மாடலுக்காகச் செய்தது என்பதை அதில் எண்ணாகவும் எழுத்தாகவும் அடித்திருப்பார்கள். காரோடு பிறந்த அதே இன்ஜின்தான் இது என்பதற்கு அதுதான் ஜாதகம். அது பொருந்தினால் காருக்கு ஒரு விலை. பொருந்தாவிட்டால் வேறு விலை.

ரீபில்ட் என்ற பெயரில் பிளாக்கின் மேல்தளத்தை மெஷினில் கொடுத்துச் சீவினால், அந்த எழுத்தும் சேர்ந்து போய்விடும். திரும்ப வராது. கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு சின்ன ரப்பர் சீலில் இருந்திருக்கும். அதனால் ஒரே விதிதான்: காசு கம்மியாகப் பிடிக்கும் சோதனையை முதலில் செய்யுங்க. ஸ்பேனர் கடைசியில்!

முதலில் கணக்கு

டிப்ஸ்டிக்கில் ‘ஆட்’, ‘ஃபுல்’ என்று இரண்டு கோடுகள். நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட 0.95 லிட்டர். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓய்ந்து சில நிமிஷம் கழித்துப் பாருங்கள். எத்தனை மைலுக்கு எவ்வளவு இறங்கியது என்று நோட்டில் எழுதுங்கள். ‘நிறைய குடிக்குதுப்பா’ என்பதெல்லாம் கணக்கில் சேராது.

ஒழுகுதா, எரியுதா?

ஆயில் ஆவியாகி மாயமாவதில்லை. ஒன்று, வெளியே ஒழுகணும். இல்லை, உள்ளே எரியணும். அபூர்வமாக ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் காபி நிறத்தில் குழம்பாக இருக்கும்.

ராத்திரி காருக்கு அடியில் பெரிய அட்டையை விரியுங்கள். காலையில் எந்த இடத்தில் சொட்டு என்று பாருங்கள். ஆனால் சொட்டும் இடத்தையே ஒழுகும் இடம் என்று நம்பிவிடாதீர்கள். ஆயில் மேலிருந்து கீழே வழியும்; ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால்தான் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரத்தைப் பார்த்ததும் ‘ரியர் மெயின் சீல் போச்சு’ என்று தீர்ப்பெழுதி விடுகிறார்கள். நிஜக் குற்றவாளி மேலே இருக்கலாம். வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலை, இன்டேக் மேனிஃபோல்டின் பின்விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டர் அடிப்பகுதி, அதன் பக்கத்தில் இருக்கும் ஆயில் பிரஷர் சென்டர்... இத்தனை பேர் சந்தேக லிஸ்டில்!

இன்ஜினைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இருட்டில் புற ஊதா விளக்கடித்தால் ஒழுகல் மஞ்சள் பச்சையாக மின்னும். மின்னும் இடங்களில் எது ஆக மேலே இருக்கிறதோ, அதுதான் ஆரம்பம்.

சரி, நிஜமாகவே ரியர் மெயின் சீல்தானா? அப்போதும் பயம் வேண்டாம். அந்தக் கால 350-ல் அது இரண்டு துண்டு சீல். ஆயில் பேனை இறக்கினால், கிராங்க் ஷாஃப்டைக் கழற்றாமலே மாற்றலாம்.

குட்டி வால்வ், பெரிய வில்லன்

வால்வ் கவரில் பி.சி.வி. வால்வ் என்று விரல் சைஸில் ஒன்று செருகியிருக்கும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை கார்புரேட்டர் பக்கம் அனுப்புவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் நல்ல சீலையும் கேஸ்கெட்டையும்கூட ஒழுக வைக்கும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது அதை உருவி, வாயில் விரலை வையுங்கள். விரலை இழுக்க வேண்டும். கழற்றிக் குலுக்கினால் ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். இரண்டும் இல்லையா? மாற்றுங்கள். மிக மலிவான சாமான்.

பளபளக்கும் குரோம் வால்வ் கவர் வாங்கி மாட்டியவர்கள் இன்னொன்றையும் பாருங்க. சில கவர்களில் இந்த வால்வுக்கு அடியில் தடுப்புத் தகடு இருக்காது. தெறிக்கும் ஆயிலை வால்வ் நேராக உறிஞ்சி எரிக்க அனுப்பிவிடும்!

புகை எப்போ வருது?

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நிறத்தைவிட நேரம் முக்கியம்.

ராத்திரி முழுக்க நின்று, காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு மேகம், அப்புறம் சுத்தமா? வால்வ் சீல் மேல் சந்தேகப்படுங்கள். 350-ல் அது வால்வ் தண்டைச் சுற்றி இருக்கும் குட்டி ரப்பர் வளையம். சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். இறக்கத்தில் கியரில் இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது புகைந்தால், வால்வ் கைடும் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புகைந்தால்தான் பிஸ்டன் ரிங் விசாரணைக்கு வரும்.

வால்வ் சீல் மாற்ற ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பழைய மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மெல்ல மேலே ஏற்றுவார்கள். சுருண்ட கயிறு வால்வ் உள்ளே விழாமல் தாங்கிக்கொள்ளும். கயிறுதான் டூல்!

கடைசி சாட்சி

இன்னும் தீரவில்லையா? எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எது ஆயிலில் நனைந்திருக்கிறதோ, அந்த சிலிண்டர்தான் பேசுகிறது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் முக்கால் பங்காவது காட்ட வேண்டும். குறைந்ததில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் வால்வ் பக்கம் போங்க.

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. வருஷக்கணக்கில் ஷெட்டில் தூங்கிய காரில் ஆயில் ரிங் கசடு பிடித்து ஒட்டியிருக்கலாம். கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும், புகையும் வரும். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

இன்னொரு போலிக் குற்றவாளி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பல மாடல்களில் அதிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஒரு வேக்குவம் குழாய் போகும். அதன் நுனியில் இருக்கும் மாடுலேட்டருக்குள் சவ்வு கிழிந்தால், இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகைக்கும். இன்ஜின் ஆயில் குறையாமல் புகை மட்டும் வந்தால், அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக ஈரம் இருந்தால் கேஸ் முடிந்தது!

இத்தனையும் பார்த்த பிறகும் விரல் ரிங்கையே காட்டினால், அப்போது இன்ஜினை இறக்குங்கள். தப்பில்லை. ஆனால் மெஷின் ஷாப்காரரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்க: “அண்ணே, அந்த நம்பர் மேல மட்டும் கை வைக்காதீங்க!”